தஞ்சோங் காராங்கில் ஒரு பிறந்தநாள்

எங்கள் புலனக் குழுவில் பதின்மூன்று பேர். 2008இல் ஒரே வகுப்பில் சேர்ந்து, 2011இல் ஊடகப் பட்டம் வாங்கி வெளியே வந்த தமிழ்ப் பிள்ளைகள். குழுவின் பெயரை இங்கே எழுத முடியாது. ஒரு விரிவுரையாளருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் அது. அவர் இன்னும் நன்றாக இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பேப்பரும் வாங்குகிறார்.

முதல் இரண்டு ஆண்டுகள் குழுவில் வேலை விளம்பரங்களும் பி.டி.பி.டி.என். கடன் பற்றிய புலம்பலும்தான். அடுத்து கல்யாணப் பத்திரிகைகள். ஒரே ஆண்டில் நான்கு வந்தன, நான்கிலும் ஒரே பிள்ளையார். அதற்கடுத்து அம்மாவின் உள்ளங்கையில் குழந்தையின் பாதம். இப்போது ஒன்றாம் ஆண்டுச் சீருடையில், முதுகைவிடப் பெரிய பையோடு பள்ளி வாசலில் நிற்கும் பிள்ளைகள். உங்கள் கைப்பேசியிலும் இப்படி ஒரு குழு இருக்கும். மேலே தள்ளிக்கொண்டே போய்ப் பாருங்கள், ஏறக்குறைய இதே வரிசைதான்.

நான் வானொலி அறிவிப்பாளர். காலை நேரத்தில் வாழ்த்து வாசிப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்கு, அப்பா அம்மா தாத்தா பாட்டி பெயர்களோடு, மூச்சு விடாமல் வாழ்த்துச் சொல்லியிருக்கிறேன். வயது முப்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடாரத்துக்குள் நுழைந்ததும் யாராவது கேட்கத்தான் போகிறார்கள்.

எந்தக் கூடாரம் என்றால், தஞ்சோங் காராங்கில் நண்பன் ஒருவன் போட்டது. இரண்டாவது மகளுக்கு முதல் பிறந்தநாள். "சாக்கு சொல்லாதீங்க லா. சனிக்கிழமை. அப்பா வீட்டு முன்னால கூடாரம். ஆட்டுக்கறி" என்று ஒரே செய்தியில் முடித்துவிட்டான். பதின்மூன்று பேரில் எட்டுப் பேர் போனோம். பெயர்களை எழுதப் போவதில்லை. இதில் வரும் ஒருத்தியின் கதையை மட்டும் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அவளைச் சுங்கை பூலோ ரயில் நிலையத்தில் ஏற்றிக்கொண்டேன். எங்கள் வகுப்பிலேயே நல்ல குரல் அவளுக்குத்தான். 2011இல் வானொலிக் குரல் தேர்வுக்கு இரண்டு பேரும் ஒன்றாகப் போனோம். முதல் சுற்றில் அவளுக்கு என்னைவிட நல்ல பேர். இரண்டாம் சுற்றுக்கு முந்தின வாரம் அவள் அப்பா விழுந்துவிட்டார், அவள் வரவில்லை. இப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். நான்கு ஆண்டுகளாக எங்கள் எந்தச் சந்திப்புக்கும் வந்ததில்லை. குழுவிலிருந்து இரண்டு முறை விலகி, இரண்டு முறை யாரோ திரும்பச் சேர்த்திருந்தார்கள். இந்த முறை நான் தனியாக அழைத்து, "காடியில எடம் இருக்கு, வர்றியா?" என்று மட்டும் கேட்டேன். வந்தாள்.

விருந்து மதியம்தான். காலையிலேயே கிளம்பிப் பழைய இடத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது என் யோசனை. லத்தார் நெடுஞ்சாலையில் ஏறி ஈஜோக்கில் இறங்கினால் கோலாலம்பூர் பின்னால் போய்விடுகிறது. அந்தச் சாலை திறந்தது 2011இல், அதாவது நாங்கள் படித்து முடித்த ஆண்டில். மூன்று ஆண்டுகள் பேருந்தில் குலுங்கிக் குலுங்கிப் போனவர்கள் நாங்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்லிப் புலம்புவது எங்கள் வகுப்பின் மரபு.

ஈஜோக்கிலிருந்து உள்ளே போனால் பெஸ்தாரி ஜெயா. 2007 வரை அதன் பெயர் பத்தாங் பெர்ஜுந்தை. மலாய் தெரிந்தவர்களுக்குப் பழைய பெயரில் ஒரு சங்கடம் புரியும், அதனால்தான் மாற்றினார்கள். ஆனால் நாங்கள் படித்தபோதும் கடைக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொன்னார்கள், இன்றும் பலர் அப்படித்தான். சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின், எல்லோரும் யுனிசெல் என்கிறார்களே அதன், வளாகம் இங்கேதான் இருக்கிறது. 1999இல் தொடங்கிய பல்கலைக்கழகம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது காட்டுக்கு நடுவே இருந்தது. எங்களில் மூன்று பேருக்கு மட்டும் அது காடாகத் தெரியவில்லை. அவர்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள். சுற்றிலும் செம்பனை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஆலையிலிருந்து வரும் அந்தப் புளித்த வாடை விடுதி அறைக்குள் வந்துவிடும். நகரத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். இவள் மூச்சை நன்றாக இழுத்து, "எங்க வீட்டு வாசம்" என்பாள்.

வளாகத்துக்கு வெளியே ஒரு கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டோம். காடியில் அதுவரை என் வேலையைப் பற்றித்தான் பேச்சு. அவளைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை. "வேலை எப்படி, வீட்டுக்காரர் எப்படி, பிள்ளை?" என்ற மூன்றைத் தவிர வேறு கேள்வி நம்மிடம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில்தான் தெனாமாராம் தோட்டம். தமிழ்க் காதுக்கு அது தென்னமரம்தான், வேறு எப்படியும் கேட்காது. பெயரில் தென்னை இருந்தாலும் அது வரலாற்றில் நிற்பது செம்பனைக்காக. 1917இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே செம்பனை நட்டார். வியாபாரத்துக்காக மலாயாவில் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதே துரை பிறகு மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வாங்கினார். அன்று நட்டது இன்று நாடு முழுவதும் ஐம்பது லட்சம் ஹெக்டருக்கு மேல் பரவிவிட்டது. அந்த மரங்களுக்கு நடுவே ஊடகம் படிக்கும் எங்களுக்கு இது தெரியாமலே ஒரு ஆண்டு போயிருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு பணி கொடுத்தார்கள். வெளியே போய் ஒரு மனிதரின் குரலைப் பதிவு செய்து வர வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனோம். லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எங்களை உட்கார வைத்து, வரக்காப்பி கொடுத்து, கேட்காமலே ஆரம்பித்தார். முதல் வீட்டில் யார், அவர் மகளை எந்தத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள், மருமகனுக்கு என்ன வேலை, எத்தனை பிள்ளைகள், அதில் ஒன்று எப்படிப் போனது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பாதிக்கு மேல் பூட்டிய வீடுகள். குடியிருந்தவர்கள் கிள்ளானுக்கும் காப்பாருக்கும் ரவாங்குக்கும் போய் ஆண்டுக் கணக்காகிறது. ஆனால் பாட்டியிடம் செய்தி புதிதாகவே இருந்தது. போன மாதம் பிறந்த குழந்தையின் எடைவரை தெரியும்.

பால் வெட்டிய காலத்தில் காலைப் பெரட்டுக்கு ஒருவர் வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்பது விடிவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும் என்றார் அந்தப் பாட்டி. ஆயாக் கொட்டகையில் குழந்தைகள் சேர்ந்து கிடப்பதால் யார் வீட்டில் என்ன என்பது தாய்மார்களுக்குத் தனியாகச் சொல்லவே வேண்டியதில்லையாம்.

அந்தப் பதிவை நினைவுபடுத்தினேன். இப்போது ஒரு பாட்டிகூட இல்லையே என்று கொஞ்சம் உருகியும் பேசினேன். அறிவிப்பாளர்களுக்கு இது ஒரு நோய். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ தோட்டத்துல பொறக்கல, அதான் இப்படிப் பேசுற. அந்தப் பாட்டி இருந்திருந்தா நான் ராவோட ராவா ஓடியிருப்பேன்."

பிறகுதான், தட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு டிவோர்ஸ் ஆயிடுச்சு. ஒன்றரை வருஷம் ஆகுது" என்றாள்.

அவள் கல்யாணத்தில் தொகுப்பாளராக நின்று பேசியவள் நான். ஐந்நூறு பேர் கேட்க அவர்கள் காதல் கதையைச் சொன்னவள். ஒன்றரை ஆண்டாக எனக்குத் தெரியாது.

அவள் வேறொன்றும் சொன்னாள். நான்கு ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தபோது, குழுவில் எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்த நேரத்தில் நான் அவள் பெயரைப் போட்டு, "அடுத்தது நீதான்! எப்ப நல்ல சேதி?" என்று எழுதியிருக்கிறேன். சிரிக்கும் முகங்கள் வேறு. அந்த வாரம்தான் அவளுக்கு இரண்டாவது கரு கலைந்திருந்தது. மறுநாள் குழுவிலிருந்து விலகினாள். நாங்கள் கேட்டதற்கு "கைப்பேசி மாத்தினேன்" என்றாள். நம்பிவிட்டோம். நான் எழுதியது எனக்கு நினைவில்கூட இல்லை. கடையை விட்டு எழுந்தபோது தேடிப் பார்த்தேன், இருந்தது. பதினொரு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்டேன். "சரி, அத விடு. எங்க பழைய எடத்துக்கு ஒரு தடவை போயிட்டுப் போலாமா?" என்றாள்.

அவள் பிறந்த தோட்டம் புக்கிட் ரோத்தான் பக்கம். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். வேலையிலிருந்து நின்றால் தோட்டத்து வீட்டையும் விட வேண்டும். நம் பெற்றோரில் பலருக்கு வேலையும் வீடும் ஒரே நாளில் போனது இப்படித்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் குடும்பம் காப்பாரில் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்குப் போனது. இப்போது அங்கே லயம் இருந்த இடத்தில் இரண்டாம் தலைமுறைச் செம்பனை நிற்கிறது. கோயில் மட்டும் இருக்கிறது. புதிய வர்ணம், புதிய தகரக் கூரை. திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் சிரம்பானிலிருந்தும் வருகிறார்களாம். கோயில் சுவரில் நன்கொடையாளர் பட்டியல் இருந்தது. அவள் அதை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "இது எங்க எதுத்த வீடு. இவன் என்னோட படிச்சவன், துபாய்ல இருக்கானாம். ஐயோ, இந்த அக்கா இன்னும் இருக்காங்களா!" அரை மணி நேரம் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோல சிலாங்கூரை நிற்காமல் தாண்டினோம். பள்ளிப் பயணத்தில் எல்லோரும் பார்த்த ஊர்தானே அது: மலாவாத்தி குன்று, 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம், கடலைக்குக் கை நீட்டும் குரங்குகள், கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் போய்ப் பார்க்கும் மின்மினிகள். பிள்ளைகளை இன்னும் கூட்டிப் போகாதவர்கள் மின்மினிக்காகவாவது போங்கள். கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள்.

சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் நிலம் மட்டமாகிவிடுகிறது. ஐந்தாம் எண் சாலை வடக்கே சபாக் பெர்ணம் நோக்கி ஓடுகிறது. இடப்பக்கம் கடல் இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அலையாத்திக் காடும் சேறும் மறைக்கின்றன. வலப்பக்கம், ஊரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால், வயல். மலேசியாவில் நெல் என்றால் கெடாதான் நினைவுக்கு வரும். சிலாங்கூரின் நெல் இங்கே, தஞ்சோங் காராங்கில் தொடங்கிச் செகிஞ்சானைத் தாண்டிப் போகிறது. 1930களில் சதுப்புக் காட்டை வெட்டி, வடக்கே பெர்ணம் ஆற்றிலிருந்து கால்வாய் இழுத்துத் தெங்கி ஆற்றோடு சேர்த்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் ஆண்டுக்கு இரண்டு போகம். அந்தப் பக்கம் ராஜா மூசா சதுப்புக் காடு இன்னும் நிற்கிறது. மழைநீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடுவது அதுதான்.

வயல் மலாய்க்காரர்களுடையது, செகிஞ்சான் பக்கம் சீனர்களுடையது. நம்மவர்கள் இங்கே வந்தது வேறு வேலைகளுக்கு. நண்பனின் தாத்தா கால்வாயும் மதகும் பராமரிக்கும் இலாகாவில் கூலி. ஜே.பி.எஸ். தாத்தா என்றுதான் ஊரில் பெயர். அப்பா லோரி ஓட்டினார். இவன் ஊடகம் படித்து, கோலாலம்பூரில் ஆறு ஆண்டுகள் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கேமரா தூக்கினான். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகவில்லை. "பாவம், நல்லா வந்திருக்க வேண்டியவன்" என்று அன்று குழுவில் பேசிக்கொண்டோம். அவன் இல்லாத குழு ஒன்று தனியாக இருந்தது. நம் எல்லோருக்கும் அப்படி ஒன்று இருக்கும்.

இப்போது அவன் வயலை வைத்துப் பிழைக்கிறான், விவசாயம் செய்யாமலே. கல்யாணத்துக்கு முன் ஜோடிகளை வயல் நடுவே நிறுத்திப் படம் எடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதில் இந்தப் பகுதிக்கு அவன் ஒரு புள்ளி. தமிழ், சீன, மலாய் ஜோடிகள் எல்லோரும் வருகிறார்கள். எந்த வயலில் எப்போது நட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். நெல்லுக்குச் சுமார் நான்கு மாதம். அதில் எந்த வாரம் பச்சை, எந்த வாரம் பொன், எந்த வாரம் வெறும் சேறு என்று கணக்குச் சொல்கிறான். "சேத்து வாரத்துல வந்துட்டு பச்சை வேணும்னு சண்டை போட்டாங்க ஒரு ஜோடி. கல்யாணத்துக்கு முன்னாடியே இப்படின்னா..." என்று நிறுத்திவிட்டு, எங்கள் தோழியைப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவள்தான் முதலில் சிரித்தாள்.

கூடாரத்தில் எதிர்பார்த்ததுதான். சிவப்புத் துணி போர்த்திய நாற்காலிகள், சிராப் தண்ணீர், கரோக்கேயில் ஒரு மாமா, தூக்கக் கலக்கத்தில் அழும் பிறந்தநாள் பாப்பா. என் குரலை அடையாளம் கண்டுபிடித்த ஓர் ஆன்ட்டி, "ரேடியோல பேசுறது நீதானா! எத்தனை பிள்ளைங்க மா?" என்றார். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். "அது எப்படி, இவ்வளவு நல்லாப் பேசுறியே?" இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆன்ட்டி பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினார். "நீ?"

"கல்யாணம் ஆச்சு ஆன்ட்டி. முடிஞ்சும் போச்சு."

மேசையில் ஒரு நொடி எல்லோருக்கும் கறியில் எலும்பு தேட வேண்டியிருந்தது. ஆன்ட்டி அவளையே பார்த்தார். பிறகு கரண்டியை எடுத்து அவள் தட்டில் இன்னும் இரண்டு துண்டு ஆட்டுக்கறி வைத்தார். "சாப்பிடு மா. என் பெரிய மகளும் வீட்டோடதான் இருக்கா." அவ்வளவுதான். கோயில், பரிகாரம் என்று ஏதாவது வரும் என்று பயந்துகொண்டிருந்தேன், வரவில்லை.

சாயங்காலம் நண்பன் எங்களைப் படகுத்துறைக்குக் கூட்டிப் போனான். தெங்கி ஆறு கடலில் சேர்வதற்குச் சற்று முன்னால், பாலத்தின் பக்கத்தில், மீன்பிடிப் படகுகள் கட்டியிருக்கும் இடம். நண்டு வலையும் டீசலும் கலந்த வாசனை. பிள்ளைகளை அவரவர் துணையிடம் விட்டுவிட்டு வகுப்பு மட்டும் போனோம். எட்டுப் பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது பட்டமளிப்புக்குப் பிறகு அதுவே முதல் முறை என்று யாரோ கணக்குப் பார்த்துச் சொன்னார்கள்.

கணக்கு என்றதும் வேறு கணக்கும் வந்தது. பதின்மூன்று பேரில் பத்துப் பேருக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. பிள்ளைகள் மொத்தம் பதினொன்று. "எங்க ஆயா ஒருத்தரே பதினொன்னு பெத்தாங்க" என்றான் நண்பன். வேடிக்கையாகச் சொன்னாலும் நாட்டின் கணக்கும் அதுதான். 1970இல் மலேசியப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 4.9 பிள்ளைகள், 2022இல் 1.6. இந்தியர்களிடையே அதைவிடவும் குறைவு. ஆசிரியையாகிவிட்ட தோழி அதை வேறு மாதிரி சொன்னாள். அவள் பள்ளியின் பெயரில் தோட்டம் இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் அந்தத் தோட்டம் இல்லை. ஒன்றாம் ஆண்டில் ஏழு மாணவர்கள். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இன்று 530க்கும் குறைவு. "ஏழு பேரோட அம்மா அப்பா பேரும் எனக்கு மனப்பாடம். யாருக்கு அடுத்த பிள்ளை எப்பன்னும் தெரியும், அடுத்த வருஷ எண்ணிக்கை அதுலதான இருக்கு" என்றாள். அவள் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு முறை வருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். குழுவில் இருப்பது அந்த ஒரு நாள் எடுக்கும் படங்கள் மட்டும்தான்.

யார் ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. கூடாரத்தில் தோழி சொன்ன அந்த ஒரு வரி காரணமாக இருக்கலாம். ஒவ்வொருவராக உண்மையைச் சொல்லத் தொடங்கினோம். படத்தொகுப்பாளனாக இருப்பவன் எட்டு மாதம் வேலையில்லாமல் உணவு விநியோகம் செய்திருக்கிறான். அந்த எட்டு மாதமும் குழுவில் பழைய ஸ்டூடியோ படங்களைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒருத்தியின் மகனுக்கு நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறாள். "குரூப்ல உங்க பிள்ளைங்க திருக்குறள் சொல்ற வீடியோ வரும்போது கைப்பேசிய கவுத்து வச்சிடுவேன்" என்றாள். அந்த வீடியோவைப் போட்டவன் பக்கத்தில்தான் இருந்தான். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, எந்த இடத்தில் பயிற்சி, எவ்வளவு ஆகிறது, யார் கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டான். அவன் தங்கை பேச்சுப் பயிற்சியாளராம். இதுவும் எங்களில் யாருக்கும் தெரியாது.

எங்கள் தோழி விவாகரத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. இருவரும் சம்மதித்துக் கூட்டு மனு போட்டார்கள். சண்டை இல்லை. "கல்யாண ஆல்பம் எண்பது பக்கம். மனு அதுல கால்வாசிகூட இல்ல" என்றாள். அவள் பாட்டி காலத்தில் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. கல்யாணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. பாட்டியும் தாத்தாவைப் பிரிந்து இரண்டு லயம் தள்ளி இருந்திருக்கிறார், காகிதம் எதுவும் இல்லாமல். தோட்டம் முழுக்கத் தெரியும். தீபாவளிக்கு இரண்டு வீட்டிலிருந்தும் பலகாரம் வருமாம். "அதுவும் நல்லாத்தான் இருந்திருக்கும் போல" என்று காலையில் சொன்னதற்கு நேர்மாறாகச் சொன்னாள். நான் சுட்டிக்காட்டவில்லை.

என்னிடமும் கேட்டார்கள். ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்கவில்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகும் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். பதினான்கு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி. கொஞ்சம் தனிமைதான் என்றேன். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை, பேசி முடித்துவிட்டு வந்ததால் பேசவும் பிடிப்பதில்லை என்றேன். இதை நான் எந்த நிகழ்ச்சியிலும் சொன்னதில்லை.

கொசு கடிக்க ஆரம்பித்ததும் எழுந்தோம். திரும்பும்போது கால்வாய்ப் பக்கத்துச் சாலையில் நிறுத்தி மாம்பழம் வாங்கினோம். ஒரு மாக்சிக் கடை, ஒரே விளக்கு. மூன்று கிலோ வாங்கினால் விலை குறைவு என்றார். வாங்கிவிட்டு, தனியாக இருக்கும் இரண்டு பேருக்கு மூன்று கிலோ எதற்கு என்று காடியில் சிரித்தோம். லத்தாரில் ஏறியதும் அவள் தூங்கிவிட்டாள்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. குழுவில் பிறந்தநாள் படங்கள் வந்தன, வழக்கம்போல் இதயங்கள் வந்தன. திருக்குறள் வீடியோ வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், அந்தக் குழந்தை நன்றாகச் சொல்லும். போன செவ்வாய்க்கிழமை எங்கள் தோழி, நான்கு ஆண்டுகளில் முதல் முறையாக, தானாக ஒரு செய்தி போட்டாள். வாழ்த்தோ இதயமோ இல்லை.

"சனிக்கிழமை வீடு மாறுறேன். சுங்கை பூலோ. நாலாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். ஃபிரிட்ஜ் தூக்க நாலு பேரு வேணும்."

தஞ்சோங் காராங்கிலிருந்து நண்பன் லோரியோடு வருகிறான், அப்பாவின் பழைய லோரி. படத்தொகுப்பாளனும் திருக்குறள் அப்பாவும் வருகிறார்கள். மூன்று பேர் ஆகிவிட்டது. சனிக்கிழமை எனக்குக் காலை பத்து மணி வரை நிகழ்ச்சி. ஃபிரிட்ஜைப் பத்தரைக்கு மேல் தூக்கச் சொல்லியிருக்கிறேன்.